அண்ணி தூங்கினாங்களா?

அம்மாவுக்கு,

உன் முட்டிவலி எப்படி இருக்கு? நான் நல்லா இருக்கேன், வேளைக்குச் சாப்பிடறேன்.

போன வாரம் எங்க பிரசவ வார்டுல ஒரு சின்ன விஷயம் நடந்தது. பிரசவமாகி அஞ்சு நாளான ஒருத்தி, பிள்ளையைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. "திமிரு"ன்னு அவ மாமியார் முணுமுணுத்தாங்க. நான் மருந்து கொடுக்கும்போது, "தூங்கினியாம்மா?"ன்னு கேட்டேன். பொலபொலன்னு அழுதுட்டா. "பிள்ளையைத் தூக்கவே பயமா இருக்கு சிஸ்டர், யார்கிட்ட சொல்றது?"ன்னா. டாக்டரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். இப்போ தேறிட்டு வர்றா.

அதுலேருந்து எனக்கு இருப்புக் கொள்ளலை. அண்ணிக்குக் குழந்தை பிறந்து மூணு வாரமாச்சு. நான் ஃபோன் பண்ணினா, "நல்லா இருக்கேன்"னு சொல்லிட்டு உடனே உன்கிட்ட கொடுத்துடறாங்க. பால் வருதா, பிள்ளை எடை கூடுச்சான்னுதான் நீ கேக்கற. நானும் இத்தனை நாள் அதைத்தானே கேட்டேன்.

மத்தியானம் ரெண்டு மணி நேரம் பிள்ளையை நீ வெச்சுக்கோ, அவங்க தூங்கட்டும். அண்ணி அழுதா அதட்டாதே. அவங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லி அண்ணன்கிட்ட சொல்லு.

நீ கட்டின பழைய புடவை ஒண்ணு அனுப்பு, இங்க போர்வை குத்துது. துவைக்க வேண்டாம்.

ட்யூட்டிக்கு நேரமாச்சு. இதோட மடிச்சு ஒட்டியிருக்கற தாள் அண்ணிக்கு. பிரிக்காம அவங்க கையில கொடும்மா.

உன் மகள்