தடுப்புத் தகடு

ஜூன் 3, செவ்வாய்

கப்பலூரில் காலையிலிருந்தே அனல். டேங்கர் கட்டும் எங்கள் ஷெட்டுக்குள் மலைச்சாமி அண்ணனின் புது டேங்கர். இரண்டு முனைகளும் இன்னும் மூடவில்லை. மூடுவதற்கு முன்பு உள்ளே தடுப்புத் தகடுகள் வைக்க வேண்டும். அளவெடுக்கப் போனவளை முதலாளி அழகுராஜா அண்ணன் நிறுத்தினார்.

"தகடு வேணாமாம் சுபா. வண்டிக்காரரே சொல்லிட்டாரு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

ஏற்றப்போவது பெயிண்ட்டில் கலக்கும் தின்னர். ஒரு பொறி போதும். டேங்க் பாதி நிரம்பியிருக்கும்போது பிரேக் அடித்தால் உள்ளே இருப்பது மொத்தமும் முன்னால் பாயும். வளைவில் வண்டியை ஒரு பக்கமாக இழுத்துச் சாய்க்கும். அந்த வேகத்தை உடைக்கத்தான் குறுக்கே தகடு. அரசு விதியும் தகடு வேண்டும் என்றே சொல்கிறது. இங்கே ஒவ்வொரு டேங்கையும் பார்த்து, சரி என்று சொல்லி அனுப்புகிறவள் நான். தகடு இல்லாததை எப்படிச் சரி என்பேன்?

"மாட்டேண்ணே" என்றேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஜூன் 4

யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. தகடு வெட்டவும் இல்லை.

ஜூன் 6, வெள்ளி

மலைச்சாமி அண்ணனே வந்தார். திருமங்கலத்தில் சொந்தமாக லாரிகள் வைத்து ஓட்டுகிறவர். கூடுதலாகச் சரக்கு ஏற்றும் ஆசைதான் என்று நினைத்து, நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றே போனேன்.

அவர் சொன்னது வேறு. போன வருஷம் அவருடைய பழைய டேங்கரைக் கழுவ உள்ளே இறங்கியவன் காளை. அவர் மனைவி பாண்டிமீனாவின் தம்பி. உள்ளே தேங்கியிருந்த ஆவி தாக்கி, இரண்டு தகடுகளுக்கு நடுவே விழுந்துவிட்டான். ஆள் இறங்கி ஏற மேலே இருந்தது ஒரே மேன்ஹோல். அதுவும் தகட்டுக்கு அந்தப் பக்கத்து அறையின் மேல்.

"மூக்குல துணியக் கட்டிக்கிட்டு நானும் எறங்குனேன் தாயி. தகட்டுல இருந்த ஓட்டை வழியா கையப் புடிச்சு இழுக்குறேன், தோளு மாட்டிக்கிருச்சு. அந்தத் தகடு இல்லைன்னா எம் மச்சினன் இன்னைக்கு இருப்பான்."

விதிமுறை என்ற சொல் என் வாய்வரை வந்து நின்றுவிட்டது.

ஜூன் 7, சனி

அழகுராஜா அண்ணன் சொல்லிவிட்டார். "திங்கக்கெழம ரெண்டு பக்கமும் மூடுறோம். ஒனக்கு மனசு ஒப்பலைன்னா வீட்ல இரு. வேற ஆள வச்சுப் பாத்துக்கிறேன்."

கோச்சடையில் வீடு வந்து சேர்ந்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் வீட்டுக்காரர் சோலை, "அந்தாளு சொல்றதும் நியாயந்தானே?" என்றார்.

நியாயந்தான். அதுதான் குடைகிறது. ஆனால் காளையைக் கொன்றது தகடா? ஆவி போகும் முன்பே ஆளை இறக்கினார்கள். விழுந்தவனைத் தூக்க வழி வைக்காமல் கட்டியிருந்தார்கள். அந்த டேங்கையும் என்னைப் போல யாரோ ஒருத்தர் சரி என்று சொல்லித்தானே அனுப்பியிருப்பார்?

ஜூன் 8, ஞாயிறு

திருமங்கலம் போனேன். ஒவ்வொரு அறைக்கும் மேலே தனி மேன்ஹோல், ஆள் தாராளமாக வெளியே வரும் அகலத்தில். வரைந்து எடுத்துப் போயிருந்தேன். மலைச்சாமி அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. "என் தண்ணி லாரி தகடு இல்லாமத்தான் ஓடுது. என்ன ஆயிருச்சு?"

"பாதித் தண்ணியோட என்னைய ஒருதரம் ஏத்திக்கிட்டுப் போங்கண்ணே."

சிரித்துக்கொண்டே ஏற்றினார். ஆளில்லாத ரோட்டில் பிரேக் அடித்துக் காட்டச் சொல்வது என் எண்ணம். அதுவரை போகவில்லை. சந்திலிருந்து ஒரு டிவிஎஸ் குறுக்கே வந்துவிட்டது. ஒரு பெண், முன்னால் நின்றபடி ஒரு சின்னப் பிள்ளை. அண்ணன் மிதித்தார். வண்டி நின்றது. நின்ற பிறகு, முதுகுக்குப் பின்னால் டேங்குக்குள் தொம்மென்று ஓர் அடி. நின்ற வண்டி மறுபடியும் போகிறது. பிரேக்கில் கால் இருக்கிறது, போகிறது! ஐயோ, அந்தப் பிள்ளை—

அந்தப் பெண்ணின் சேலையை உரசிக்கொண்டு நின்றது.

"கண்ணு என்ன பொடதியிலயாய்யா இருக்கு?" அவள் கத்தினாள். பிள்ளை அழவில்லை, எங்களையே பார்த்தது. அந்த ரோட்டில் அந்த லாரியை எடுக்கச் சொன்னவள் நான். இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்டு என்ன?

அண்ணன் ஸ்டியரிங்கை விடவே இல்லை. "காலு பிரேக்குல இருக்கும்போதே போச்சே தாயி."

"இது வெறும் தண்ணிண்ணே."

ஜூன் 9, திங்கள்

அழகுராஜா அண்ணன் போன். "என்னத்தச் சொல்லி வச்ச அவருகிட்ட? தகடு வைக்காட்டி வண்டிய எடுக்க மாட்டேங்கிறாரு. மேன்ஹோல் வேற கூடக் கேக்குறாரு. படத்த மாத்தணும், மறுபடி அனுமதி வாங்கணும், எம்புட்டு நாளு இழுக்குமோ! வந்து தொலை."

போனேன்.

ஜூன் 27

அனுமதி வரவில்லை. ஷெட்டில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு டேங்க் கிடக்கிறது. அழகுராஜா அண்ணன் என்னோடு பேசுவதில்லை.

ஜூலை 8

வந்துவிட்டது.

ஜூலை 26, சனி

கசிவுச் சோதனை எல்லாம் நேற்றே முடிந்தது. இன்று நடந்தது விதியில் இல்லாதது, நானாகக் கேட்டது. மயங்கிய ஆளைப் போல நான் உள்ளே கிடக்க வேண்டும், மேலிருந்து தூக்க வேண்டும். எதுவும் ஏற்றாத புது டேங்க்தான். ஆனாலும் உள்ளே காற்றைச் சோதித்த பிறகே தோளையும் தொடையையும் சுற்றும் பட்டையையும் தூக்கும் கயிற்றையும் மாட்டிக்கொண்டேன்.

மலைச்சாமி அண்ணனோடு பாண்டிமீனா அக்காவும் வந்திருந்தார். தம்பி போன பிறகு லாரி நிற்கும் பக்கமே வராதவராம். யாரும் கூப்பிடாமலே ஏணியில் ஏறினார். அண்ணனுக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

மூன்றாவது அறையில் இறங்கிப் படுத்தேன். முன்னும் பின்னும் தகடு. உலோகச் சூடு முதுகில் ஏறியது. கை காலைத் தளர விட்டேன். காளைக்குக் கடைசியாக என்ன தெரிந்திருக்கும் என்ற நினைப்பு வந்தது. எழுந்துவிடலாமா என்றுகூட இருந்தது. கயிறு இறுகியது. உடம்பு எழும்பியது. மேன்ஹோலில் தோள் எங்கேயும் இடிக்கவில்லை. வெயில் முகத்தில் அடித்தது. அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்து வெளியே இழுத்தார். கயிறு இழுத்த அவர் உள்ளங்கைகள் சிவந்திருந்தன.

அக்கா மேன்ஹோலுக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம், "இன்னொருக்க எறங்குறீகளா? இன்னொருக்கத் தூக்கிப் பாக்கணும்" என்றார்.

இறங்கினேன்.