துடைக்கப்பட்ட வெள்ளைப் புழுக்கள் குறித்து

அனுப்புநர்:
கண்ணாடிக் குடில் காப்பாளர்,
நகரப் பூங்கா (குழந்தைகள் காப்பகத்தை ஒட்டியது).

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பூங்காத் துறை,
தலைமை அலுவலகம், மூன்றாம் மாடி.

பொருள்: மாவுப்பூச்சிகளைத் தின்பதற்காக வளர்க்கப்பட்ட பொறிவண்டுப் புழுக்கள், மாவுப்பூச்சிகள் எனக் கருதித் துடைத்து அழிக்கப்பட்டமை – சுற்றறிக்கையைத் திரும்பப் பெறக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: திங்கட்கிழமைதோறும் செடிகளைப் பஞ்சால் துடைப்பது பற்றிய தங்களது நேற்றைய சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது ஒரு புகார் மனு. யார் மீது புகார் என்பதை மூன்றாம் பத்தியில் தெரிவிக்க அனுமதி வேண்டுகிறேன். அதற்குள் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்துவிடும்.

2. மருத்துவமனைக்கும் நூலகத்துக்கும் அலுவலகங்களுக்கும் செல்லும் தொட்டிச் செடிகள் யாவும் இக்குடிலில்தான் வளர்கின்றன. நான்கு மாதங்களுக்கு முன் வெளியிலிருந்து வந்த செம்பருத்திகளுடன் மாவுப்பூச்சியும் வந்து சேர்ந்தது. மருந்து அடிக்க வழியில்லை. காப்பகத்தின் சன்னல் குடிலுக்குள்தான் திறக்கிறது. தினமும் பத்து மணிக்கு இருபத்து நான்கு குழந்தைகள் வந்து ஒவ்வோர் இலையையும் தொட்டுப் பார்க்கிறார்கள், இரண்டொருவர் கடித்தும் பார்க்கிறார்கள். ஆகவே மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளை வரவழைத்துச் செடிகளில் விட்டேன். எறும்புகள் மாவுப்பூச்சிகளுக்கு அடியாள் வேலை பார்ப்பவை. அவை ஏறாதபடி, தொட்டிகள் வைத்திருக்கும் பலகைகளின் கால்கள் அனைத்தையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினேன். வண்டுகள் முட்டையிட்டு, ஆயுள் முடிந்து போயின. முட்டையிலிருந்து புழுக்கள் வந்தன. சங்கடம் என்னவென்றால், அந்தப் புழு பார்ப்பதற்கு அச்சு அசலாக மாவுப்பூச்சி போலவே இருக்கும். அதே வெள்ளை, இன்னும் கொஞ்சம் சடை, இன்னும் கொஞ்சம் பெரிய உடம்பு. மாவுப்பூச்சி உட்கார்ந்த இடத்தை விட்டு லேசில் அசையாது. புழுவைத் தொட்டால் ஓடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

3. செவ்வாயன்று தாங்கள் ஆய்வுக்கு வந்தீர்கள். இதற்கு முன் இருந்த இயக்குநர்கள் எவரும் குடிலின் வாசற்படியைத் தாண்டியதில்லை. தாங்களோ சட்டைக் கையை மடித்துவிட்டுக் குனிந்து பார்த்தீர்கள். எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. “என்னம்மா, இவ்ளோ பெரிசா வளர விட்டுட்டீங்க?” என்று கேட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் பஞ்சும் ஸ்பிரிட்டும் வரவழைத்து, பெரியதாகப் பார்த்துப் பார்த்துத் துடைத்தீர்கள். “பாருங்க, ஓட வேற பார்க்குது!” என்றும் சொன்னீர்கள். காவலாளி, “சார் கை பட்டாச்சு, இனிமே ஒரு பூச்சி இருக்காது!” என்று கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்; அதற்காக வெட்கப்படுகிறேன். தங்களை வாசல்வரை வழியனுப்பிவிட்டு நான் திரும்புவதற்குள், அதே உற்சாகத்தில் ஊழியர்கள் ஆளுக்கொரு பஞ்சுடன் மீதிப் பலகைகளையும் துடைத்து முடித்தார்கள். ஓடாத சின்னப் பூச்சிகள் இலையிடுக்குகளில் சௌக்கியமாக இருக்கின்றன. ஆகவே ஐயா, இப்புகார் தங்கள் மீதுதான்.

4. நியாயமாக ஒன்றையும் சொல்லியாக வேண்டும். புழுக்கள் வந்த முதல் வாரத்தில் நானே முப்பது புழுக்களைக் கட்டைவிரலால் நசுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெருமையடித்தேன். என் கணவர், “மொதல்ல கையைக் கழுவு” என்பதோடு நிறுத்திக்கொண்டார். மறுநாள் பூதக்கண்ணாடியில் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

5. இம்மாத இறுதிக்குள் பூச்சி ஒழியாவிட்டால் செடிகளை எரித்துக் குடிலைப் பூட்ட வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள ஆணை. இன்னும் பதினாறு நாட்களே உள்ளன. புதிய வண்டுகள் வர ஆறு வாரம் ஆகுமாம். குடிலைப் பூட்டினால் எனக்கு வேறு பூங்காவில் வேலை தருவார்கள் என்று தெரியும். எனக்கு வேறு பூங்கா வேண்டாம் ஐயா. பத்தொன்பது வருடங்களாக இந்தச் செடிகளோடு பேசிப் பழகிவிட்டேன்.

6. நேற்று முழுவதும் பூதக்கண்ணாடியுடன் தேடினேன். ஒரு புழுகூட அகப்படவில்லை. மாலையில்தான் நினைவுக்கு வந்தது: ஆய்வு முடிந்து கிளம்பும்போது, மூன்றாம் பலகையிலிருந்த சிவப்புச் செம்பருத்தி பிடித்துப்போய், தங்கள் அறைக்கென்று தாங்களே கையோடு எடுத்துச் சென்றீர்கள். அந்தத் தொட்டியை யாரும் துடைக்கவில்லை. முந்தின நாள் எண்ணியபோது அதில் பதினொரு புழுக்கள் இருந்தன. இவ்வூரில் மிச்சமிருப்பவை அவை மட்டுமே. அவை வண்டாகி முட்டையிட்டால் குடில் பிழைக்கும்.

7. எனவே, சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்று, கெடுவை அடுத்த மாத இறுதிவரை நீட்டித்து, அப்பதினொருவரையும் அழைத்துவர நாளைக் காலை ஒரு தூரிகையுடனும் டப்பாவுடனும் தங்கள் அறைக்கு வர எனக்கு அனுமதி வழங்குமாறு மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை அறையைச் சுத்தம் செய்பவரைச் செம்பருத்திப் பக்கம் விட வேண்டாம்.

தங்கள் மீது புகாரும் மரியாதையும் ஒருங்கே உள்ள,
(ஒப்பம்)
கண்ணாடிக் குடில் காப்பாளர்

இடம்: கண்ணாடிக் குடில், இரண்டாம் பலகை அருகில்
நாள்: 14, வியாழக்கிழமை

பி.கு.: இதைப் படித்துக்கொண்டிருக்கையில் தங்கள் மேசை மீது வெள்ளையாக, சடையாக ஏதேனும் விரைந்து சென்றால், தயவுசெய்து ஊதிவிட வேண்டாம். அது பணியில் இருக்கிறது.