கோணல் கழுத்துக் கோதுகள்

வாசலில் காரின் ஹோர்ன் அலறியது. வெம்பிளியில் ஷிப்டுக்குக் கூட்டிப்போக அண்ணன் வந்துவிட்டார். சிவமலர், தன் கணவன் பாலேந்திராவுக்கு அவசரமாகக் குறிப்பெழுதினாள்.

“சோறு அடுப்பில இருக்கு, சாப்பிடுங்கோ. சுட்ட தோட்டாக் கோதைத் திரும்பப் பாவிக்க அச்சில அமத்தேக்கை அதின்ரை கழுத்துக் கோணுறது அச்சின்ரை பிழையில்லை. கோவத்தில அமத்துற மெசின்ரை பிடியை வெடுக்கெண்டு இழுக்கிறியள். கழுத்துக்குள்ள மெழுகு பூசி, மெதுவா இழுங்கோ. பிறகு கோதை அரைவட்டம் திருப்பி இன்னொருக்கா அமத்துங்கோ. நேற்று நான் செய்தது நேரா வந்தது.”

அடியில் நெருக்கி எழுதினாள்: “உங்கடை துவக்கைச் சூட்டுக் கிளப்காரர் வந்து எடுத்துக்கொண்டு போயிட்டினம். நான்தான் எடுக்கச் சொல்லிக் கேட்டனான். கோவிக்காதேங்கோ.”

உள்ளே வந்த அண்ணன் அதை வாசித்துவிட்டு, “துவக்கே இல்லை. பிறகென்னத்துக்கு உந்தக் கோதெல்லாம்?” என்றார்.

“ஃபாக்டரி மூடினதிலயிருந்து மனுசன் சாகிற கதைதான் கதைக்குது, அண்ணை. கைக்கு ஏதும் அலுவல் இருக்கட்டும்.”