நன்னடத்தைப் பரிசு

கோர்படி, புனே
12.3.2004

நண்பனாக இருந்தவனுக்கு,

நீ தலைமையாசிரியரானதும், "பிரம்பைத் தூக்கிப் போட்டுட்டுப் பசங்களோட பேசுடா" என்றாய். இருபத்தைந்து ஆண்டுகள் பிரம்பை நம்பிய நான் உன்னை நம்பினேன். பிறர் நோட்டுகளைக் கிழித்துவந்த வைஜயந்தியோடு ஒரு மாதம் மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து பேசினேன். ஒருநாள் அவள் சட்டைக் கையை மேலே தள்ளி, தந்தையின் பெல்ட் பதிந்த தழும்பைக் காட்டினாள்.

"அப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது சார். ப்ராமிஸ்?"

வாக்களித்தேன்.

மாணவர் சொல்வதை உறவுப் பதிவேட்டில் எழுதித் தர வேண்டும் என்பது உன் விதி. எழுதித் தந்தேன், அந்தத் தவறு என்னுடையது. பெற்றோர் கூட்டத்தில் நீ அதை அவள் தந்தையிடமே படிக்கக் கொடுத்தாய். "ரொம்ப நன்றி சார், நான் பாத்துக்கறேன்" என்று அவர் உன் கையைக் குலுக்கினார்.

நான்கு நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தவள் இப்போது எதையும் கிழிப்பதில்லை. எவரோடும் பேசுவதுமில்லை. என்னைக் கண்டால் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கு நன்னடத்தைப் பரிசாம். என் கையால் வழங்க வேண்டுமாம். நீயே கொடு. வாங்குவதற்காக அவள் கையை நீட்டும்போது சட்டைக் கை மேலேறும். அப்போது பார்வையை விலக்காதே.

இனி உன் ஊழியன் மட்டும்.