அந்தோணியின் நந்தியாவட்டை

பங்குனி 8, ஞாயிறு

விடியும்போதே வெயில். கோட்டையின் ராஜகிரிப் பாறை நேற்றைய சூட்டையே இன்னும் இறக்கவில்லை. மாவு ஊற்றினால் செஞ்சித் தாலுகா முழுக்க ஒரே தோசை.

இன்றைய படையெடுப்புக்கு: பழைய கேமரா (மருமகன் கழித்துக் கொடுத்தது), துடைக்கிற துணி, தண்ணீர் பாட்டில், பிளாஸ்டிக் கவர் ஒன்று. கவர் எதற்கென்று பிறகு.

முதலில் பூங்கா. போவதற்குள் போர் முடிந்திருந்தது. செம்பருத்தி காலி, அரளி காலி. பக்த கோடிகள் தொரட்டிக்கோலோடு இருட்டிலேயே வந்து மொட்டையடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். காகிதப்பூ மட்டும் தப்பித்திருந்தது, எந்தச் சாமிக்கும் ஆகாது என்பதால். புங்கமரத்தடியில் பொரி இறைத்த மாதிரி பூ. ஒரு படம். சுமார்.

பிறகு வழக்கமான இடம். கல்லறைத் தோட்டம். இனிமேல் க.தோ. முழுதாக எழுதக் கை கூசுகிறது.

அங்கே ஒரு பூவும் குறையவில்லை. குறையாது. க.தோ. பூவைச் சாமிக்கும் போடமாட்டார்கள், தலையிலும் வைக்கமாட்டார்கள். பின்பக்கம் வெள்ளைக்காரன் காலத்துக் கல்லறைகள், பேர் தேய்ந்துபோய். அவற்றின்மேல் ஈழத்தலரி உதிர்ந்து கிடக்கிறது. முன்வரிசை, நம்மூர்க்காரர்களுடையது. அங்கே ஒரு சின்ன அடுக்கு நந்தியாவட்டை. குச்சி நட்டுச் சிவப்புத் துணியால் கட்டியிருக்கிறது. அதன் வெள்ளையைப் பார்த்தால் சலவைத்தூள் கம்பெனிகள் மூடிவிட்டுப் போகவேண்டும்.

பூ மட்டும் தெரிய, கல்லை வெட்டிவிட்டு, குடும்ப வாட்ஸ்ஆப் குழுவுக்கு அனுப்பினேன். ‘காலை வணக்கம். இப்படிக்கு, செஞ்சி மலர் மண்டலாதிபதி.’ இடத்தைக் கேட்கிறவர்களுக்கு வழக்கமான பதில்: ‘அரச ரகசியம். ராஜா காலத்து நந்தவனம்.’

இந்தப் பொய்தான் என்னைத் தின்கிறது.

அக்கா நம்பிவிட்டாள். அவள் மகள் தேவிக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து இப்போதுதான் நிறைமாதம். விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. பிரசவம் ஆகும்வரை தெருமுனைப் பிள்ளையாருக்குத் தினம் வெள்ளைப் பூ போடுவதாக அக்கா வேண்டுதல். கடைப் பூ கூடாதாம், நம் கை பறித்ததாக இருக்கவேண்டுமாம். “அதான் உன் நந்தவனம் இருக்குதேடா. ஒரு கவர்ல எட்துனு வா.” ஒரு வாரமாக அந்த நந்தியாவட்டையைப் பறித்து எடுத்து வருகிறேன்.

வழியில் அடிபம்பில் நிறுத்தி அலசுகிறேன். இன்றும் அலசினேன். பூவில் அழுக்கே இல்லை.

பங்குனி 9, திங்கள்

என் ரிப்பேர் கடை வாசலில் மோட்டாருக்குக் காயில் கட்ட மூன்று பேர் காத்திருந்தார்கள். கடையைத் தாமதமாகத் திறந்தேன். காரணம் கீழே.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டெல்லாம்மா கடையில் இட்லி. அவள் முகம் சரியில்லை. கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“இன்னா சொல்றது ண்ணா. எங்க வீட்டுக்காரர் கல்லறைல செடி வெச்சேன். எவனோ தெனம் உருவிட்டுப் போறான். காம்பைக்கூட விடல.”

வாயில் இருந்த இட்லி அங்கேயே நின்றுவிட்டது. அந்தோணி. மினி பஸ் ஓட்டியவர். போன வருஷம் போனார். எந்த இடத்தில் புதைத்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

“வர்ற ஞாயித்துக்கெழமை மொத வருஷம் ண்ணா. அவரு வண்டி ஓட்டிட்டு வந்து கண்ணு எரியுதுன்னு நந்தியாவட்டைப் பூவைக் கண்ணு மேல வெச்சினு படுத்துப்பாரு. வீட்டாண்ட வெச்ச செடில தெருவே வந்து பறிச்சிக்கும். அதான் அங்க கொண்டுபோய் வெச்சேன். அங்க எவன் பறிப்பான்னு நெனச்சேன்.”

நான் நினைத்ததும் அதேதான்.

அதோடு வாயை மூடியிருக்கலாம். என் வாய் எனக்கு அடங்கியதா எப்போதாவது? எழுந்து நின்று, கை ஓங்கி, கடையில் இருந்த அத்தனை பேரும் கேட்க: “அந்தத் திருட்டுப்பயலை ராஜகிரி உச்சிக்கு இழுத்துனு போய் பீரங்கில போட்டு வங்காளக் கடலுக்கு அனுப்பணும்! செத்தவங்க பூவுல கை வெக்கிறவன் மனுசனா?”

எல்லோரும் சிரித்தார்கள். மேல்மலையனூர் பஸ் கண்டக்டர் கை தட்டினார். ஸ்டெல்லாம்மாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போக முடியவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன், எந்த பஸ்ஸுக்கோ காத்திருப்பவன் போல.

காலையில் பறித்த பூ அதற்குள் பிள்ளையார் தலையில்.

பங்குனி 10, செவ்வாய்

தீர்மானம்: க.தோ. பக்கம் தலைவைப்பதில்லை. பூங்காவில் பறிப்பது.

சேவல் கூவும் முன் போனேன். எனக்கு முன்னால் பெரும்படை. தொரட்டிகள் வானத்தைக் கிழித்துக்கொண்டிருந்தன. வெள்ளைப் பூ உள்ள ஒரே செடிக்குக் கீழே ஒரு அம்மாள், அகலமாக, அசையாமல்.

“இன்னா பார்க்கற? நான் வருஷக்கணக்கா பறிக்கிற செடி இது.”

“அம்மா, ஒரு அஞ்சாறு...”

“உங்க வூட்ல செடி கெடையாதா?”

திரும்பிவிட்டேன். கவரில் நசுங்கிய செவ்வரளி. அக்கா கவருக்குள் பார்த்தாள். “வெள்ளை எங்கடா?”

“நந்தவனத்துல... இன்னிக்கு மலரல.”

“உடம்புக்கு ஏதாவதா? மூஞ்சி இன்னா இப்டி இருக்குது?”

பிறகு அவளே பக்கத்து வீட்டுத் தும்பைப்பூவைக் கேட்டு வாங்கிப் போட்டுவிட்டு, மனசே இல்லாமல் வந்தாள். தேவிக்கு பிரஷர் ஏறியிருக்கிறது என்று மாலை போன் வந்தது. பூ தவறியதால்தான் என்று அக்கா நினைக்கிறாள். சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரிகிறது.

பங்குனி 11, புதன்

வானம் மூட்டம். மழை ஏமாற்றியது.

க.தோ. போகவில்லை. தும்பைதான் இன்றும். பழைய படம் ஒன்றைக் குழுவுக்கு அனுப்பிவிட்டு இட்லி தின்னப் போனேன். போனை மேஜைமேல் வைத்திருந்தேன். ஸ்டெல்லாம்மா சட்னி ஊற்ற வந்தவள் அப்படியே நின்றாள்.

“இது எங்க எடுத்தது ண்ணா?”

போனைக் கவிழ்க்கப் போனேன். அதற்குள் அவள் கையில் எடுத்துவிட்டாள்.

“எங்க அவரு செடி இது! குச்சில என் பழைய ஜாக்கெட்டுத் துணி கட்டியிருக்குது பாருங்க, சிவப்பா. நான்தான் கட்னேன்.”

கல்லை வெட்டினேன். துணியை வெட்ட மறந்தேன்.

பிடிபட்டேன் என்று நினைத்தேன். இல்லை. அவள் கண் நிறைந்துவிட்டது. “அந்தத் திருடன் உருவறதுக்கு முன்னாடியே எடுத்துட்டீங்களே. நல்லாருப்பீங்க ண்ணா. இதைப் பெருசா ஒண்ணு போட்டுத் தருவீங்களா? ஞாயித்துக்கெழமைக்குப் பூ இல்லாட்டியும் படமாச்சும் வெப்பேன்.”

தலையாட்டினேன். கேட்காமலே ஒரு வடை வந்தது தட்டில். தின்றேன். தின்னாமல் எழுந்தால் சந்தேகம் வரும் என்று தின்றேன். இதையும் எழுதி வைக்கிறேன்.

மாலை: பிரிண்ட் போட்டாச்சு. ஃபிரேமும். படம் அழகாகத்தான் இருக்கிறது. அதில் தெரிகிற அத்தனை பூவையும் படம் எடுத்த கையோடு பறித்தது நான். கடை மூடும் முன் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பங்குனி 12, வியாழன்

பெண் குழந்தை! மத்தியானம் போன் வந்தது. தாயும் சேயும் நலம். ஆப்பரேஷன் இல்லை.

மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். அக்கா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எல்லாம் உன் பூவுதான்டா தம்பி. கடைசி மூணு நாள் தவறிப்போய் பயந்துட்டேன். அப்பவும் பிள்ளையார் கைவிடல. அந்த நந்தவனத்துக்கு என்னைக் கூட்டினு போடா, ஒரு கும்புடு போட்டுட்டு வந்துர்றேன்.”

கை கூப்பியே நின்றாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். நந்தவனம் இல்லை, கல்லறைத் தோட்டம். ராஜா இல்லை, அந்தோணி. ஸ்டெல்லாம்மா செடி.

அக்கா கையை எடுத்துக்கொண்டாள். சேலையில் துடைத்தாள், அவளுக்கே தெரியாமல். நான் பார்த்துவிட்டேன்.

பிள்ளையாருக்குத் தீட்டு என்று கத்துவாள் என எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

“அந்தப் பொம்பளைகிட்ட சொல்லிட்டியா?”

“இல்லக்கா.”

“அப்போ என்கிட்ட எதுக்குடா மொதல்ல சொல்ற? அக்கா மன்னிச்சிருவான்னுதானே?”

அதுதான் உண்மை.

“பிள்ளையார்கிட்ட நான் சொல்லிக்கிறேன். அவகிட்ட நீ போய்ச் சொல்லு.” பையை எடுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். என்னையும் வா என்று சொல்லவில்லை. தேவியின் தாய்மாமன் நான்.

பங்குனி 13, வெள்ளி

குழுவில் தேவி: ‘மாமா, பாப்பாவுக்கு இன்னிக்குப் பூ இல்லையா?’ குழந்தை படமும். உள்ளங்கை அகலம் முகம். போனைப் பைக்குள் போட்டேன்.

ஸ்டெல்லாம்மா கடை. கூட்டம் குறைகிறவரை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றேன். வழியெல்லாம் பெரிய பேச்சாகத் தயார் செய்து வைத்திருந்தேன், ‘மாபாதகன்’ என்றெல்லாம். அவள் எதிரே போனதும் ஒரே வரிதான் வந்தது.

“ஸ்டெல்லாம்மா, அந்தப் பூவைப் பறிச்சது நான்.”

அவள் விளையாட்டு என்று நினைத்தாள். “சும்மா இருங்க ண்ணா.”

“நான்தான். அக்கா சாமிக்குன்னு எடுத்துனு போனேன்.”

இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் நின்ற பிறகும்.

“யாரு செடின்னு தெரியாமயா?”

“பறிக்கிறப்போ தெரியாது. நீங்க சொன்னப்போ தெரிஞ்சிது.”

“தெரிஞ்சிதான் பீரங்கில போடணும்னு சொன்னீங்களா?”

“ஆமா.”

“நான் படம் கேட்டப்போவும்?”

“ஆமா.”

உள்ளே போனாள். தினசரித் தாளில் சுற்றிய ஃபிரேமைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். என் பக்கம் தள்ளினாள்.

நான் உட்காரவில்லை, ஆனாலும் சொன்னாள்: “இட்லி தீந்துபோச்சி.”

அவளுக்குப் பின்னால் இட்லிக் கொப்பரையில் ஆவி குபுகுபுவென்று வந்துகொண்டிருந்தது.

பங்குனி 14, சனி

படம் ஒன்றும் எடுக்கவில்லை. ஒரு காயிலைத் தப்பாகச் சுற்றிப் பிரித்துச் சுற்றினேன். ஃபிரேம் அலமாரியில், தாளோடு. வெயில் அதிகம்.

அக்கா போன். குழந்தை பால் குடிக்கிறது. “சொல்லிட்டியா?” “சொன்னேன்.” “ம்.” வைத்துவிட்டாள்.

பங்குனி 15, ஞாயிறு

கல்லறைத் தோட்டம். முழுதாகவே எழுதுகிறேன்.

வாளியில் தண்ணீர் கொண்டுபோனேன், அவள் வருவதற்கு முன் ஊற்றிவிட்டு ஓடிவிடலாம் என்று. கேமரா பழக்கத்தில் தோளில் வந்துவிட்டது. செடியில் நாலைந்து மலர்ந்திருந்தன, ஒரு வாரம் ஒரு பூவும் விடாமல் பறித்தவனுக்கு எதிரே. மண் நனைகிற வரை ஊற்றினேன். அப்போதுதான் கல்லைப் படித்தேன். எத்தனை படம் எடுத்திருக்கிறேன், ஒருநாளும் படித்ததில்லை. ‘அந்தோணி. ஓட்டுநர்.’ கீழே ஒரு சின்ன பஸ், கொத்தன் கை போனபடி செதுக்கியது. சக்கரம் கோணல்.

நிமிர்ந்தால் ஸ்டெல்லாம்மா. கையில் மெழுகுவத்தி, கடையில் வாங்கிய சம்பங்கி மாலை. அந்த மாலையைப் பார்த்ததும் தலை குனிந்துவிட்டேன்.

வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். அவள் செடியடி ஈரத்தைப் பார்த்தாள். மாலையைக் கல்லுக்குச் சாத்தினாள். மெழுகுவத்தி காற்றில் அணைந்தது, திரும்ப ஏற்றினாள். செடியில் கை வைக்கவில்லை, பூ அப்படியே இருந்தது. முட்டி போட்டு ஜெபம். நான் வெள்ளைக்காரன் கல்லறைகளிடையே நின்றேன். போகவும் தோன்றவில்லை, நிற்கவும் முகமில்லை.

எழுந்தாள். என்னைப் பார்க்காமல் என் தோளை, கேமராவைப் பார்த்துச் சொன்னாள்:

“எடுங்க.”

“இன்னாது?”

“படம். இன்னிக்குதான் பூத்திருக்குது. கல்லும் தெரியணும்.”

பின்னால் தள்ளி நின்று எடுத்தேன். பூ, துணி, பேர், கோணல் சக்கரம், எல்லாம் உள்ளே. படம் லேசாக மங்கல். இன்னொன்று எடுக்கட்டுமா என்று கேட்க நிமிர்ந்தேன். அவள் கேட்டைத் தாண்டிப் போய்விட்டிருந்தாள்.