பாஹிமா ராத்தாவின் இத்தா

பெப்ரவரி 3
பதினொரு வருசம் ஒரே டீவி நாடகத்தில் பாஹிமா ராத்தா எண்ட முஸ்லிம் அக்காவாக நடித்து, ஒருவழியாக டைரக்டர் ஆகிட்டன். பாண்டிருப்பில் துஷாந்தினி எண்டு ஒருத்தி இருக்கிறது கல்முனையில ஆருக்கும் தெரியாது. இனித் தெரியட்டும். சனல் இருபத்தாறு பகுதி தந்திருக்கு. சனம் பார்க்காவிட்டால் மனேஜர் றிம்சான் இயக்குவான்.

முதல் வேலையா என் நாடகப் புருசனைக் கொன்றேன். நடிகர் மிஹ்லாருக்குக் கட்டாரில் வேலை கிடைச்சிட்டு, வேறென்ன செய்ய? போன கிழமை எடுத்தம். ‘கட்’ எண்டு நானே சொன்னன். என்ன சுகம்!

இண்டைக்கு டீவியில போச்சு. “இயக்கம்: பாஹிமா ராத்தா” எண்டு போட்டிருக்கானுகள். அறுவானுகள்.

பெப்ரவரி 6
கல்முனைச் சந்தையில் ஒரு பொம்புள கையைப் பிடிச்சிட்டா. “மாப்பிள மௌத்தாகி மூணு நாள். இத்தாவுல இரிக்கிறவ மரக்கறி வாங்க வாறதா? நெத்தியில பொட்டு வேற!”

நான் துஷாந்தினி, சைவக்காரி எண்டு அடையாள அட்டையைக் காட்டினன். திருப்பித் திருப்பிப் பார்த்தா. “நாடகத்துக்கு அட்டையெல்லாமா அச்சடிக்கிற?”

வெண்டிக்காய் வாங்காமலே வந்திட்டன்.

பெப்ரவரி 11
சாய்ந்தமருதில் நாங்கள் படம் எடுக்கிற வீடு பூட்டு! வீட்டுக்காரி றபீக்கா உள்ளே நிண்டு சொல்றா: “மாப்பிள மௌத்தானா இத்தா, நாலு மாசம் பத்து நாள் வீட்டோட இரிக்கணும். நேத்துப் பகுதியில பாஹிமாவக் கடைக்கு அனுப்பிட்டீங்க. என்ட வீட்டுல இது ஏலா.”

பதினொரு வருசம் முக்காடு போட்டன். ஒரு நாளாவது ஒருத்தரிட்டக் கேட்டனா? பிழை என்ட. வெக்கமாக் கிடக்கு. வீடு இல்லாட்டி நாடகம் இல்ல, நான் திரும்பவும் வெறும் பாஹிமா. றிம்சான் சிரிக்கிறான்.

பெப்ரவரி 13
றபீக்காட்ட மன்னிப்புக் கேட்டன். சாவி தந்தா, சட்டமும் தந்தா. பாஹிமா அறைக்குள்ள. ஆம்பிளையள் எல்லாம் கேற்றுக்கு வெளியே. கமராவுக்கு என் அக்காட மகள் தர்சிகா, கலியாண வீடியோ எடுக்கிறவள். றிம்சான் றோட்டில் குடை பிடிச்சு நிண்டு “அமைதி!” எண்டு கத்துறான்.

ஆறுதல் சொல்ற காட்சிக்குப் பக்கத்து வீட்டுப் பொம்புளையள் தாங்களாவே வந்திட்டாங்க. ஒருத்தியும் கமராவைப் பார்க்கல்ல. மிஹ்லாருக்காக நெசமாவே அழுதாங்க. நானும் அழுதன். அந்த மனிசன் காலையிலதான் பிரியாணிப் படம் அனுப்பினவர்!

பெப்ரவரி 20
பக்கத்து வீடுகளிலிருந்து மூணு சட்டி வட்டிலப்பம் வந்திருக்கு. எனக்குச் சீனி வருத்தம், இனிப்புக் கூடாது எண்டன். பாஹிமாவுக்கு இல்லையாம்.

மார்ச் 8
மிஹ்லார் கட்டாரிலிருந்து போன் எடுத்தார். நோன்பு திறக்கிற நேரம் அவரைக் கண்டு நம்மட ஊர்க்காரன் ஒருத்தன் கஞ்சிக் கோப்பையை விட்டிட்டு ஓடினானாம். “என்னைய உசுரோட கொண்டு வாங்க, டைரக்டர்!”

ஏலாது எண்டன். றபீக்கா விடமாட்டா.

மார்ச் 19
சனலிலிருந்து கடிதம். சனம் நல்லாப் பார்க்குதாம், நானே தொடரலாமாம்! விலாசத்தில்: திருமதி பாஹிமா.

அம்மா வாசிச்சிட்டுக் கேக்கிறா: “நாப்பத்தொரு வயசு. கலியாணம் முடிக்காமலே விதவையாகிட்டியே மகள்.” ஊர் வாயை மூட உலைமூடி இல்லையாம். அம்மா வாய்க்கு?

ஜூன் 11
இத்தா முடிஞ்சுது. பாஹிமா வாசலைத் தாண்டி வெளியே வாற காட்சி. பொம்புளையள் புதுச் சாரி கொண்டு வந்தாங்க. நான் எழுதிக் குடுத்த வசனத்தில் ஒண்டையும் ஆரும் கதைக்கல்ல.

றபீக்கா என் கையைப் பிடிச்சுக் கூட்டி வந்து, கமராவுக்கு முன்னாலயே சொன்னா: “பாஹிமாவுக்கு இறக்காமம் ஊருல ஒரு மாப்பிள பாத்திரிக்கம். பத்து ஏக்கர் வயல். யானத் தொல்லை கொஞ்சம் இரிக்கி.”

“அப்ப எனக்கு?” வாய் தவறிக் கேட்டிட்டன்.

“உங்களுக்கு எங்க நேரம், துஷாந்தினி? நீங்க நாடகத்தப் பாருங்க.”

‘கட்’ சொல்ல மறந்திட்டன்.