தண்ணீர் வரக்கூடாத போர்

மாலி, ஆப்பிரிக்கா,
புதன்கிழமை

பிரியமுள்ள கோகிலா,

போன் வைத்திருக்கக் கூடாது என்று இங்கே இப்போது உத்தரவு. அதனால்தான் கடிதம். வெங்காய லாரிக்காரர் டவுனில் தபாலில் போடுவார். நான் நன்றாக இருக்கிறேன். சாப்பாட்டுக்குக் குறையில்லை.

துப்பாக்கியோடு வந்தவர்கள் போன மாதம் இந்த ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்களும் ஐந்து வேளை தொழுகிறவர்கள்தான். அவர்களையும் விடவில்லை. பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். அது தப்பு என்று சொன்ன வயதான இமாமை அப்புறம் யாரும் பார்க்கவில்லை. எங்களுக்குச் சமைத்துப்போட்ட அவா என்கிற அக்கா, ஆண் துணையில்லாமல் தண்ணீருக்கு வந்ததற்காகச் சவுக்கடி வாங்கினாள். நாங்கள் போட்டுக்கொடுத்த போர்க் கிணற்றுக்குத்தான் வந்தாள்.

போர் போடுகிற ரிக் வண்டியில் இருந்த அர்த்தநாரீசுவரர் படத்தை நானே சுரண்டி எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

நேற்று அவர்கள் முகாமிலேயே போர் போடச் சொன்னார்கள். நம் பூபதி ராடை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னான்: "தண்ணி வந்துச்சுன்னா நம்மள உட மாட்டாங்கண்ணா. வரலீன்னா, ஒண்ணுக்கும் ஆகாதவங்கன்னு தொரத்தியுட்டுருவாங்க."

பதினெட்டு வருசமாக ஒவ்வொரு போருக்கும் தேங்காய் உடைத்துத் தண்ணீர் கேட்டவன் நான். நேற்றுத்தான் வரக்கூடாது என்று மனதுக்குள் கும்பிட்டேன். நானூறு அடி வரைக்கும் வெறும் புழுதிதான் பறந்தது.

நானூற்றுப் பத்தில் தண்ணீர் பீறிட்டது. அவர்கள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலமே அடுத்த முகாமுக்கு இடம் காட்டிவிட்டார்கள்.

வைகாசித் தேருக்கு வந்துவிடுவேன் என்று சின்னவளிடம் சொல்லியிருந்தேன். கேட்டாளானால், அப்பா கைவைத்த இடமெல்லாம் தண்ணீர் வருகிறது என்று சொல்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்